பதினேழு மாடியும் மூன்று படியும்

தி.நகரில் கருணாகரன் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்கு மூன்று படிகள் உண்டு. கறுப்பு கிரானைட். மற்ற கடைகளெல்லாம் வாசலோடு நின்றுகொள்ள, இவை மட்டும் தெருவுக்குள் மூன்றடி நீண்டு கிடக்கும். மாநகராட்சி ஆக்கிரமிப்பு என்றது. அண்ணாச்சி பட்டா நிலம் என்று வழக்குப் போட்டார். இருபத்திரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. இட்லிச் சட்டி வாங்க வந்தவர்களுக்குக்கூட வழக்கு எண் தெரியும். அவரே சொல்லி அனுப்புவார்.

சமீபத்தில் அவருக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்திருந்தது. அதே தெருவில், கடையைத் தாண்டி நாலு மனை தள்ளியிருந்த பழைய கிடங்கை இடித்துவிட்டுப் பதினேழு மாடி கட்டப்போகிறார். பெயர் ‘கருணாகரன் சிகரம்’. அதன் மாதிரி கடை நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி விளக்குகளோடு நின்றது. அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் குக்கருக்கு பில் போடப்பட்டது. “அறுபது மீட்டராக்கும்” என்பார், தானே வளர்ந்த மாதிரி.

குறை ஒன்றே ஒன்றுதான். திட்ட அனுமதி இன்னும் வரவில்லை. அத்தனை உயரம் கட்ட வேண்டுமானால், மெயின் ரோட்டிலிருந்து மனைவரை தெரு எந்த இடத்திலும் பதினெட்டு மீட்டருக்குக் குறையக் கூடாது. வியாழக்கிழமை அதிகாரிகள் அளக்க வருகிறார்கள். அதற்கு முன் அளந்து, வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் இன்ஜினீயர் அன்புச்செல்வி. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். தன் பெயரில் அவள் கொடுக்கப்போகும் முதல் பெரிய மனு இது.

செவ்வாய்க்கிழமை காலை டேப்பைச் சுருட்டிக்கொண்டே கடைக்குள் வந்தாள்.

“தெரு முழுக்க பதினெட்டுக்கு மேல இருக்கு சார். ஒரே எடத்துலதான் பதினேழு புள்ளி ஒண்ணு நாலு.”

“எவன்மா அது, ரோட்டுல வந்து உக்காந்திருக்கவன்? ஆளக் காட்டு, நான் பேசுதேன்.”

அன்புச்செல்வி வாசலைப் பார்த்தாள். கருணாகரனும் பார்த்தார். மூன்று படிகளும் வெயிலில் பளபளத்தன. பில் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜாதேவி ஒரு டிபன் கேரியரைத் திறந்து அதற்குள் சிரித்துக்கொண்டாள்.

“படிய எடுத்துட்டா பதினெட்டு புள்ளி பூஜ்யம் நாலு வந்துடும் சார். படி ரோட்டுல இருக்கு, எடுத்துடறோம்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும்.”

“லெட்டரா? இருபத்திரண்டு வருசமா என் எடம்னு கூண்டுல ஏறிச் சொல்லியிருக்கேன். இப்பம் நான் திருடன்னு நானே எழுதிக் குடுக்கணுமோ?”

அப்போதுதான் வக்கீல் ரகுபதியின் போன் வந்தது. தீர்ப்பு வந்துவிட்டது. படிகள் நிற்பது பட்டா நிலம்தான். தெரு கடைசிப் படியோடு முடிகிறது.

அண்ணாச்சி மேல்படியில் ஏறி நின்று தெருவுக்கே செய்தி சொன்னார். சிக்னலுக்காக நின்ற ஆட்டோக்காரர்களுக்கும் லட்டு கிடைத்தது. கடைசியாக அன்புச்செல்விக்கு ஒன்றை நீட்டினார். அவள் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“சார், நேத்து வரைக்கும் அது ஆக்கிரமிப்பு. எடுத்திருக்கலாம். இப்போ சட்டப்படியே தெரு பதினேழு புள்ளி ஒண்ணு நாலு ஆயிடுச்சு. இனி படிய எடுத்தாலும் அந்த எடம் உங்களுதுதான், ரோட்டுல சேராது.”

“அப்பம் சிகரம்?”

“பதினேழு மாடி கெடைக்காது சார்.”

அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். “பதினெட்டுன்னு போட்டுரு. தொண்ணூறு சென்டிமீட்டர் யார் கண்ணுக்குத் தெரியப்போவுது? லிஃப்டுக்குப் பக்கத்துல உம் பேரக் கல்லுல பொறிச்சிருதேன்.”

அன்புச்செல்வியின் ஆபீஸ் தமிழ் அந்த இடத்தோடு கழன்றுகொண்டது.

“இன்னா பேசற நீ? ஆத்தோரம் எங்க ஊடு நல்லாதான் நின்னுக்கினு இருந்துச்சு. அளக்க வந்தவன் ரெண்டடி ஆத்துக்குள்ள கீதுன்னான். எங்கம்மா எவ்ளோ கெஞ்சிச்சு தெரியுமா? டேப்பு இன்னா காட்டுதோ அதான்னுட்டு இடிச்சுட்டுப் போயிட்டான். எங்களுக்கு நீளாத டேப்பு உனக்கு மட்டும் நீளுமா? என் கையெழுத்து வோணும்னா பதினேழு ஒண்ணு நாலுதான்.” ஒரு மூச்சு விட்டு, “சார்” என்று சேர்த்துக்கொண்டாள்.

அண்ணாச்சி கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் அவர் பெற்ற இரண்டு பெருமைகளும் ஒன்றையொன்று காலை வாரிவிட்டிருந்தன.

“இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?” என்றாள் சரோஜாதேவி. “தோத்திருந்தா வந்து இடிச்சிருப்பான், அசிங்கம். இப்பம்தான் உங்க எடம்னு ஆயிட்டுல்லா. உங்க எடத்த நீங்க ரோட்டுக்குக் குடுத்தா, அது தானம்லா.”

அண்ணாச்சி எழுந்தார். ஐந்து நிமிடத்தில் அது அவர் யோசனை ஆகியிருந்தது. பத்து நிமிடத்தில், வழக்கு போட்ட அன்றே அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இருபத்திரண்டு வருடம் அலைந்து வாங்கிய நிலத்தைப் புதன்கிழமை அரை நாளில் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். மாலையில் ஷாமியானா, மைக், ‘சாலைக்கு மண் ஈந்த வள்ளல்’ என்று பேனர். சந்தனம், குங்குமம் வைத்த கடப்பாரை.

“மகாபலிச் சக்கரவர்த்தி மூணடி மண் குடுத்தாரு. நான் மூணு படி குடுக்கேன்” என்று முழங்கினார்.

“அவரு பாதாளத்துக்குல்லா போனாரு” என்றாள் முன்வரிசையில் இருந்த சரோஜாதேவி.

“நானும் கீழ மூணு அடுக்கு பார்க்கிங் போட்டிருக்கேன்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டுக் கடப்பாரையை ஓங்கினார்.

வியாழக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். மூத்தவர், படி போன பிறகு அன்புச்செல்வி மறுபடி அளந்து கையெழுத்துப் போட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு இடங்களில் அளக்கவைத்தார். கடை வாசலில் மட்டும் இரண்டு தடவை.

“பதினெட்டு புள்ளி பூஜ்யம் நாலு. யார் எடுத்த அளவு இது? ஒரு சென்டிமீட்டர் பிசகல.”

“நான்தான் சார்.”

“எங்க இன்ஜினீயரு” என்று அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். “நானே மாத்திப் போடச் சொன்னாலும் போடாது. சொல்லிப் பாத்துட்டேன்லா.”

அவர் சொன்னதில் உண்மையான பெருமை இருந்தது. எதை ஒப்புக்கொண்டோம் என்பது அதிகாரி வண்டி ஏறிப்போன பிறகுதான் உறைத்தது. அன்புச்செல்வி அதற்குள் வரைபடத்தை நாலாக மடித்து, தன் பெயர் மேலே தெரியும்படி பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குள் ஏற இப்போது படி கிடையாது. அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, வேட்டியை ஒரு கையில் பிடித்து, மார்பை நிமிர்த்தி ஏறினார்.

“ஏம்மா, இந்த ஸ்டூல் நம்ம எடத்துல நிக்கா, ரோட்டுல நிக்கா?”

“ரோட்டுல சார்.”

அண்ணாச்சி குனிந்து தானே அதைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.