கூடைக்குள் போகாதவள்

அந்த சர்க்கஸ் குழுவில் பதினான்கு பேர், ஒன்பது நாட்டுக்காரர்கள். அவளுடைய மொழி பேச ஒருத்தர்கூடக் கிடையாது. இரண்டு ஆள் உயரத்தில் கட்டிய கம்பிமேல் வெறுங்கையோடு நடப்பதும், நடுக்கம்பியில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிப்பதும் அவள் தொழில். அவளைக் கம்பிக்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

வந்து ஐந்து மாதமாகியிருந்தது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு அரைகுறை மொழி இருந்தது. சாப்பிட்டாயா, கயிறு எங்கே, ஜாக்கிரதை. அதற்குமேல் போனால் ஜாடையும் சேர்ந்து திக்கித் திணறித்தான் நகரும். மனசுவிட்டுப் பேச வேண்டுமென்றால் அக்காவுக்கு ஃபோன் போட வேண்டும். அக்காவோ குக்கர் விசிலுக்கும் பிள்ளைகளின் சண்டைக்கும் நடுவில் பாதிக் காதைத்தான் கொடுப்பாள்.

குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உடம்பை வில்லாய் வளைத்து வித்தை காட்டும் பெண், இவள் வந்த வாரமே உள்ளங்கையை நீட்டி, “எனக்கு எப்போ கல்யாணம்? பார்த்துச் சொல்லு” என்றாள். ரேகை பார்க்கத் தெரியாது என்றதும் அவளுக்கு முகம் வாடிவிட்டது. தெரிந்தே மறைக்கிறாளாம். வளையம் வீசுகிறவன், “உன் கல்யாணத்துக்கு எத்தனை யானை வரும்?” என்றான். “யானைக்கு லீவு கிடைக்கல” என்று இவளும் சிரித்தாள். அதே கேள்வி ஏழாவது தடவை வந்தபோது சிரிப்பு வரவில்லை. அவர்கள் பிரியமாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்தப் பிரியம் வேறு யாரோ ஒருத்திக்கு எழுதிய கடிதம்போல, விலாசம் தவறி இவள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

இவள் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. குழுவில் ஒரு பயில்வான் இருந்தார். பனி கொட்டும் நாட்டுக்காரர். மேடையில் கையில் மது பாட்டிலோடு தள்ளாடித் தள்ளாடி வந்து, விழப்போகிற நேரத்தில் இரும்புக் குண்டைத் தூக்கி நிறுத்துவார். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். மேடையை விட்டு இறங்கினால் ஒரு சிரிப்பு கிடையாது. அவருக்கு உம்மணாமூஞ்சி என்று இவளே மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள். “அந்த ஊர்க்காரங்க எல்லாம் அப்படித்தானேக்கா, எந்நேரமும் தண்ணி” என்று ஃபோனில் சொன்னாள். “தனியா மாட்டிக்காதடி. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கு” என்றாள் அக்கா. அதிலிருந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள்.

புதுக் காட்சிக்கு ஒத்திகை தொடங்கிய அன்று இயக்குநர் ஒரு பெரிய பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து வைத்தார். கோமாளி மகுடி ஊதுவான். கூடைக்குள்ளிருந்து இவள் பாம்பாக நெளிந்து எழுந்து, அப்படியே கம்பிக்கு ஏற வேண்டும்.

“உன் ஊர் விஷயம்தானே, உனக்கு ரொம்ப சுலபம்” என்றார்.

“எங்க வீட்ல யாரும் பாம்பைப் பார்த்ததுகூட இல்ல சார். எங்கப்பா டெய்லர். பல்லி வந்தாலே ஸ்டூல் மேல ஏறிடுவார்.”

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஜனங்க இதைத்தான் எதிர்பார்க்கிறாங்க” என்று கூடையைத் திறந்தார்.

முழங்கால் மோவாயில் இடிக்க உள்ளே உட்கார்ந்தாள். மூடி விழுந்தது. வெளியே எல்லோரும் எதற்கோ சிரிப்பது கேட்டது. தன்னைப் பார்த்தா, வேறு எதற்காவதா? கூடைக்குள் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது, “வேலைதானேடி, கண்ணை மூடிட்டு செஞ்சிடு” என்றாள் அவள். ஃபோனை வைத்த பிறகு அந்த அறை இன்னும் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் மதியம் கம்பியைத் துடைக்கத் துணி நனைக்கப் போனாள். குழாயடியில் பயில்வான் தன் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி, ஒரு ஃபிளாஸ்கிலிருந்து அதில் எதையோ ஊற்றினார்.

“என்ன அது?”

“பால் இல்லாத டீ. ஆறிப்போனது.”

“அப்போ நீங்க குடிக்கிறதில்லையா?”

“எங்கப்பா குடிச்சே செத்தார். நான் தொட்டதில்ல.”

“அப்புறம் எதுக்கு மேடையில அப்படி…?”

“பதினோரு வருஷம் முன்னாடி இதே இயக்குநர் சொன்னார், உன் ஊர் விஷயம்தானே, சுலபம்னு.” துணியால் பாட்டிலின் கழுத்தைத் துடைத்தார். “என் பொண்ணு ஒரே ஒரு தடவை பார்க்க வந்தா. ‘தாத்தா மாதிரியே நடக்கிறியேப்பா’ன்னா. அப்புறம் வரவே இல்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது. சொல்லாமல் விட்டால் இனி சொல்லவே மாட்டோம் என்று தோன்றியது.

“நானும் உங்களைக் குடிகாரர்னுதான் நெனச்சேன். எங்க அக்காகிட்டகூட சொல்லிட்டேன்.”

“தெரியும். நாற்காலியைத் தள்ளிப் போடுவியே” என்றார் அவர். அதில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“ரெண்டு பேரும் சேர்ந்து இயக்குநர்கிட்ட போய், மாட்டோம்னு சொல்லலாமா?”

“எனக்கு ஐம்பத்திமூணு வயசு. முதுகு போயிடுச்சு. பாட்டில் இல்லாட்டி என்னை யார் பார்ப்பாங்க? நீ போ. உன்கிட்ட வித்தை இருக்கு.”

தனியாகத்தான் போனாள். நினைத்ததையெல்லாம் சொல்ல அந்த அரைகுறை மொழியில் வார்த்தை போதவில்லை. “கூடை வேண்டாம். கம்பி மட்டும்” என்றாள்.

இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “கூடை இல்லாட்டி நீ பத்தோட பதினொண்ணு!”

“பரவாயில்ல சார். பதினொண்ணாவே இருந்துக்கறேன்.”

அவர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. வில்லாய் வளைகிற பெண்ணுக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, கை நிறைய வளையல் மாட்டிக் கூடைக்குள் வைத்தார். கம்பிக்காரியின் வித்தையை ஆட்டத்தின் தொடக்கத்துக்கு மாற்றினார். ஜனங்கள் டிக்கெட்டைப் பார்த்து இருக்கை தேடும் நேரம் அது. முதல் நாள் அவள் குட்டிக்கரணம் அடித்து நின்றபோது பாதிப் பேர் முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு திரைக்குப் பின்னால் நின்று, கூடை திறந்ததும் எழுந்த கைதட்டலைக் கேட்டாள். பயில்வான் தள்ளாடியபோது எழுந்த சிரிப்பையும் கேட்டாள். திமிர் பிடித்தவள் என்று குழுவில் பேச்சானது. வில்லாய் வளைகிற பெண்ணும் இவள் அறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

“அக்கா, அந்த ஆளைப் பத்தி நான் சொன்னது தப்பு” என்றாள் ஃபோனில்.

“எந்த ஆளுடி?” என்றாள் அக்கா.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு பயில்வானின் மேஜைக்குப் போய் எதிரே உட்கார்ந்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “நேத்து கம்பி தளர்வா இருந்துச்சா?” என்று கேட்டார்.

“கொஞ்சம்.”

“பார்த்தேன். சாப்பிட்டு முடி, முறுக்கிடலாம்.”