ஆனந்தராஜாவின் முதுகு

1976 ஆடியில், மெல்பேர்னின் நோபல் பார்க்கில் பால் விலை இரண்டு சதம் கூடிய அதே கிழமை, இஞ்சினியர் ஆனந்தராஜாவின் முதுகில் தமிழ் எழுத்துகள் ஏறத் தொடங்கின. முதலில் கண்டவள் அவருடைய மனைவி சத்தியபாமா. சனிக்கிழமை காலையில் அவருக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவது அவள் வேலை. எட்டு வருடக் கல்யாணத்தில், பகல் வெளிச்சத்தில் அவரைத் தொடுவதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே சாக்கும் அதுதான். மற்ற நேரமெல்லாம் இருவரும் "இஞ்சருங்கோ", "இஞ்சரும்" என்று கூப்பிட்டுக்கொண்டு, கறியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி, யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி வாழ்ந்தார்கள். அது எவ்வளவு கொடுமை என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதுகில் இருந்தது அவளுடைய சொந்தக் கையெழுத்து. வாகனத்தில் வரும் நூலகத்தில் அவள் ஒரு ஜப்பானிய நாவலை இரவல் எடுத்திருந்தாள். ஆங்கிலத்தில் வந்த மொழிபெயர்ப்பு. அதில் முந்தின நாள் பென்சிலால் கோடிட்ட வரிதான் தமிழாகி அவர் முதுகில் ஏறியிருந்தது. அந்தக் கதைப் பெண் கள்ளத்தனம் எதுவும் செய்யவில்லை. தன் புருஷன் மேலேயே ஆசையை வைத்துவிட்டு, அது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று பக்கம் பக்கமாக ஒளிக்கிறாள். ஆசைப்படுகிற பெண்சாதியைப் புருஷன் என்ன நினைப்பான் என்ற பயம். சத்தியபாமாவுக்கும் அதே பயம்தான். புத்தகத்தை அரிசித் தகரத்துக்குப் பின்னால் வைத்து, அவர் வேலைக்குப் போன பிறகே எடுத்து வாசித்தாள். முதுகைக் கண்ட அன்று பதறிப்போய்க் கோட்டை ரப்பரால் அழித்தாள், முதுகிலிருந்த எழுத்தும் மறைந்தது. பிறகு துணிச்சல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோடிடுவாள், சனிக்கிழமை எண்ணெய்க் கையால் தடவித் தடவி வாசிப்பாள், பின்னேரம் அழிப்பாள். அவர் கண்ணுக்கு எட்டாத இடம், வேறு எவரும் பார்க்காத இடம். ஐந்து கிழமை அப்படிப் போனது.

ஒரு வரியை மட்டும் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. "அவர் குளித்துவிட்டுப் போன ஈரக் காலடிகளின் மேல் என் காலை வைத்து நடந்தேன்." கோட்டை அப்படியே விட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாளே, பூசை ஒழுங்கெல்லாம் பார்க்கிற அரியரத்தினம் போன் எடுத்து, பிள்ளையார் சதுர்த்திப் பூசைக்கு இந்த முறை உபயம் ஆனந்தராஜாதான் என்று சொல்லிவிட்டார். மெல்பேர்னில் நமக்கென்று கோவில் எழும்பாத காலம். வாடகை மண்டபத்தில் பூசை. உபயகாரர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் இருக்கப்போகும் நாற்பது பேரும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

சத்தியபாமா நூலக வாகனத்துக்கு ஓடினாள். புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். எண்ணெய் தேய்க்கிற சாக்கில் சந்தனம் பூசிப் பார்த்தாள், பயத்தமாவு தேய்த்துப் பார்த்தாள். எழுத்து இன்னும் துலங்கியது.

"குளிராயிருக்கும், சேட்டோட இருங்கோவன்" என்று கெஞ்சினாள்.

"சாமிக்கு முன்னால எப்பிடி?" என்றார் அவர்.

பூசையன்று அவர் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சேட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருக்க வேண்டிய சத்தியபாமா எழுந்து, அவருக்குப் பின்னால் போய், முதுகோடு ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டாள். ஐயர் ஒருதரம் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். மானம் தப்பியது என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில், பின்னாலிருந்த பேச்சுச் சத்தம் அடங்கியது. அவளுக்கு நேர் பின்னால் இருந்த இரஞ்சிதம் அன்ரி குனிந்து, அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினார்.

"போர்த்துக்கொள்ளும் பிள்ளை. உம்மட பிடரியில எழுத்து. சரிஞ்ச எழுத்து, ஆம்பிளையின்ர எழுத்து."

"என்ன எழுதியிருக்கு அன்ரி?"

அன்ரி தலைப்பைச் சற்று விலக்கி, அவள் காதுக்குள் வாசித்தார். "'அவள் என் ஈரத்தை மிதிப்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பார்த்ததை நான் சொல்லவில்லை.'"

அது அதே நாவலில், அறுபது பக்கம் தள்ளிப் புருஷன்காரன் சொல்வது. அவள் கோடிடாத வரி. சரிந்த கையெழுத்து ஆனந்தராஜாவுடையது. புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சவரக் கண்ணாடியை முன்னால் பிடித்தால் எவராலும் தன் முதுகை வாசிக்க முடியும் என்பதும் விளங்கியது. தீபாராதனை முடியும்வரை அவள் அழுதாள். பக்தி என்று நாற்பது பேரும் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறகும் அந்த வீட்டில் வரிகள் வந்துகொண்டுதான் இருந்தன. தொழிற்சாலை வைத்தியர் தழும்பு என்று எழுதிவைத்தார். நம் சனம் கண்டால் வேறு பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டது. ஆனால் பூசைக்கு அடுத்த சனிக்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆனந்தராஜா முக்காலியில் உட்கார்ந்து முதுகைத் திருப்பினார்.

"என்ன எழுதியிருக்கு? வாசியும்."

அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாசித்தாள், வாய்விட்டு, கடைசிச் சொல்வரை. பிறகு தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அன்று ஆறி ஆறிப்போன எண்ணெயை மூன்று தரம் சூடாக்க வேண்டியிருந்தது.