எட்டு நாற்காலியும் ஒரு ரம்பமும்

நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று இம்கேவுக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. லேயர் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து மரச்சாமான் கடையின் மூன்றாம் மாடியில், காலை பத்து மணியிலிருந்து அவள் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தாள். கணவன் ஹென்னிங் விட்டபாடில்லை. தோல் வைத்தது, துணி தைத்தது, கைப்பிடி உள்ளது, இல்லாதது என்று ஒவ்வொன்றிலும் அவளை உட்காரவைத்து, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தான். கடைசியில் கைப்பிடி உள்ள தோல் நாற்காலிகள் எட்டு என்று முடிவாயிற்று.

மேசையை அவன் முன்பே பொறுக்கிவிட்டான். ஓக் மரத்தை நெடுக அறுத்த ஒற்றைப் பலகை, ஓரங்களில் மரத்தின் வளைவு அப்படியே விடப்பட்டது, இரண்டு மீட்டர் எண்பது நீளம். அது ஏன் எண்பது என்றால், அவனுடைய அண்ணன் ஊபோவின் வீட்டு மேசை இரண்டு மீட்டர் அறுபது. வீட்டில் சாப்பிடுவதோ இவர்கள் இருவரும் பதினாலு வயது மகள் யான்னேயும்தான். இந்த மேசையைப் போட்டால் பால்கனிக் கதவு பாதிதான் திறக்கும் என்று இம்கே அளவுநாடாவைப் பிடித்துக் காட்டினாள்.

"பால்கனியில நாம என்ன டான்ஸா ஆடப்போறோம்?" என்றான் ஹென்னிங்.

பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் உழைக்கும் என்று விற்பனையாளர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் பீச் மர மேசையும் ஆறு நாற்காலிகளும் வாங்கியபோது வேறொருவர் இதையேதான் சொன்னார். அந்த மேசை இன்னும் ஆடாமல் நின்றது. யான்னே சின்ன வயதில் கரண்டியால் குத்திய தழும்பு ஒன்றைத் தவிர அதற்கு ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு வாரத்தில், அதாவது மே மாதம் தேவாலயத்தில் நடக்கும் யான்னேயின் திடப்படுத்தல் சடங்கு விருந்துக்கு முன்பே, புதியது வந்துவிடும் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பெரிய பழைய சாமான்களை ஏற்றிப்போகும் நகராட்சி லாரிக்கு முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும். ஹென்னிங்குக்கு ஏப்ரல் நடுவில் ஒரு புதன்கிழமை கிடைத்தது. விட்டால் இனி இலையுதிர் காலம்தான். புது மேசை வராமல் பழையதைத் தள்ளுவானேன் என்று இம்கே கேட்டாள். கிடைத்த தேதியை விடுகிறவன் முட்டாள் என்றான் அவன். தேதி என்று ஒன்று தாளில் அச்சாகி வந்துவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்கு அது வேதவாக்கு.

கீழ்த்தளத்தில் பிப்ரவரியில் குடிவந்தவள் ஸில்யா. முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு சின்னப் பெண்கள், புருஷன் இல்லை. சுவர்க் காகிதத்தை அவளே ஒட்டினாள். காகிதத்துக்குப் பசை தடவ விரிப்பார்களே ஒரு மடக்கு மேசை, மெல்லிய பலகையும் தகரக் காலுமாக, மூன்று மீட்டர் நீளத்துக்கு, வேலை முடிந்த பிறகும் அவள் வீட்டில் அதுவே சாப்பாட்டு மேசையாக நின்றது. முழங்கையை ஊன்றாதே, சாய்ந்துவிடும் என்று அவள் பிள்ளைகளை அதட்டுவது மாடிப்படி வரை கேட்கும். பழைய மேசை லாரிக்குப் போகிறது என்று தெரிந்ததும் கூச்சத்தோடு வந்து கேட்டாள். அதற்கென்ன, புதன் காலை லாரி வருவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள், நாற்காலிகளும்தான் என்றாள் இம்கே. ஸில்யாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் மனம் நிறைந்தது.

செவ்வாய் மாலை வேலையிலிருந்து திரும்பியபோது பின்முற்றத்தில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. இம்கே சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மேசை தலைகீழாகக் கிடந்தது. மூன்று கால்கள் போய்விட்டன. நாலாவதில் ஹென்னிங் ரம்பத்தை வைத்திருந்தான். நாற்காலிகள் ஆறின் முதுகுகளும் உதைத்து ஒடிக்கப்பட்டிருந்தன.

"ஏம்ப்பா, இத ஸில்யாவுக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன்ல?"

"தெரியும். அதான் அறுக்கறேன்." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "நான் உழைச்சு வாங்கினது. தினம் நான் படி இறங்கும்போது என் மேசை மேல அவ பிள்ளைங்க கஞ்சியக் கொட்டிட்டு உக்காந்திருக்கும், நான் பாத்துட்டே போகணுமா? சும்மா குடுத்துப் பழக்கினா நாளைக்கு சோபாவும் கேப்பா."

வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது என்பார்கள். நாயைச் சொல்லிக் குற்றமில்லை, அது பிறவிக் குணம். சம்பளம் வாங்கி, வரி கட்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போகிற மனிதன் ஒருவன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இதைச் செய்தான். இம்கேவும்தான் என்ன செய்தாள்? அக்கம்பக்கம் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று துடைப்பம் எடுத்து வந்து மரத்தூளைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் காலை ஸில்யா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு கைவண்டியோடு வந்தாள். லாரிக்காகத் தெரு ஓரத்தில் கிடந்த மரத்துண்டுக் குவியலைப் பார்த்துவிட்டு மணி அடித்தாள். மேசையில் பூச்சி அரித்திருந்தது, உங்கள் வீட்டுக்கும் பரவிவிடக் கூடாதே என்றுதான் அறுத்துவிட்டோம் என்று இம்கே சொன்னாள். நாக்கு கூசாமல் வந்தது அந்தப் பொய். தம்பிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸில்யா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பரவாயில்லைங்க என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து அவர்கள் சமையலறை மேடையில் நின்றபடி சாப்பிட்டார்கள். விருந்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கடையிலிருந்து போன் வந்தது. பலகையில் விரிசல் விட்டுவிட்டது, வேறு அறுக்க வேண்டும், இன்னும் ஐந்து வாரம் ஆகும். நாற்காலிகளும் மேசையோடு சேர்ந்துதான் வருமாம். ஞாயிறன்று வருகிறவர்கள் பதினாலு பேர். திருச்சபைக் கூடத்தில் நாற்காலிகள் கிடைத்தன, மேசை கிடைக்கவில்லை. அந்த மாதம் ஊரில் எங்கு பார்த்தாலும் திடப்படுத்தல், இருந்த மேசையெல்லாம் போய்விட்டன. ஊபோவிடம் கேட்பதற்கு ஹென்னிங் செத்துப்போகலாம்.

"கீழ் வீட்ல அந்த மடக்கு மேசை இருக்குல்ல? போய்க் கேளேன்," என்றான் அவன்.

இம்கே அவனையே பார்த்தாள். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை அந்த முகத்தில். நீயே போய்க் கேள் என்றாள். அவன் போகவில்லை. மகளின் விருந்தாயிற்றே என்று கடைசியில் அவள்தான் படியிறங்கினாள்.

ஸில்யா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைகளின் வண்ணப் பென்சில்களை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள். அப்போ நீங்கள் எதில் சாப்பிடுவீர்கள் என்று இம்கே கேட்டாள். தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று அவள் சிரித்தாள். மேசையை மடக்கிக் கையில் கொடுத்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க மேசையில பூச்சி இல்லீங்க. அறுத்த இடம் ஒரு ஓட்டைகூட இல்லாம வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. நான் பாத்தேன்."

"தெரிஞ்சுமா குடுக்கறீங்க?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கு, உங்களுக்கு வேணும். இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

ஞாயிறன்று ஆராதனை முடிந்து எல்லாரும் வந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு தரை வரை தொங்கியது. அதன் மேல் சூப், உருளைக்கிழங்கு, பன்றித் தொடைக் கறி, அந்தப் பருவத்து வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகள். பெரிய தட்டுகளை இம்கே கால்களுக்கு நேராகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். நடுவில் வைத்தால் பலகை தொய்ந்துவிடும்.

ஊபோ ஓரத்தில் கைவைத்து நீளத்தைக் கண்ணால் அளந்தான்.

"இதானா தம்பி அந்த ரெண்டு எண்பது? அதுக்கும் மேலேயே இருக்கும் போலிருக்கே."

ஹென்னிங் நெஞ்சை நிமிர்த்தினான். "ஆமாண்ணே. ஒரே பலகை. விரிப்ப எடுத்தா கறை பட்டுரும், அதான்."

இம்கேவின் கையில் சூப்புக் கரண்டி அப்படியே நின்றது. அந்த மனிதனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவனுக்காகப் பொய் சொன்ன தன் வாயை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது. கீழே ஸில்யாவின் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் கரண்டியை வைத்துவிட்டு, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மேலே மடித்துப் போட்டாள். காய்ந்த பசைத் துளிகளும் ஒரு பச்சைப் பென்சில் கோடும் வெளியே தெரிந்தன.

"இது கீழ் வீட்டு ஸில்யாவோட மேசை. இத நமக்குக் குடுத்துட்டு அவங்க தரையில உக்காந்து சாப்பிடறாங்க. நம்ம பழைய மேசைய அவங்க கேட்டாங்க. அவங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு ஹென்னிங்தான் ரம்பத்த எடுத்து அறுத்தது. பூச்சி அரிச்சதுன்னு பொய் சொன்னது நான்."

ஊபோ மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். ஹென்னிங்கின் முகம் கழுத்து வரை சிவந்தது. விருந்தில் இதெல்லாம் எதற்கு, தூக்கிப் போடுகிற குப்பைதானே அது என்று முணுமுணுத்தான். யான்னே எழுந்து, அவர்களை மேலே கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"நீ மூணு தட்டு வை. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டு வரவேண்டியவ நான்," என்றாள் இம்கே. கதவைத் திறந்தவள் நின்று கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நமக்கு வேண்டாத பொருள் குப்பை இல்ல ஹென்னிங். நமக்கு வேண்டாதது அடுத்தவங்களுக்கும் கிடைக்கக் கூடாதுன்னு நினைக்குதே ஒரு மனசு, அதான் குப்பை. அத வந்து அள்ளிட்டுப் போக எந்த நகராட்சி லாரியும் தேதி குடுக்காது. நாமளேதான் அள்ளி வெளியே போடணும்."