கோணல் காலர் சட்டைகள்

தையல்காரர் இறந்த மறுமாதத்திலிருந்து, கடைசிக் காலத்தில் அவர் தைத்த சட்டைகள் போட்டவர்களை ஆட்டத் தொடங்கின. முதலில் மாட்டிக்கொண்டவர் பள்ளித் தலைமையாசிரியர். காலைக் கூட்டத்தில் அவர் தோள் தானாகத் துள்ளியது, கை காற்றில் வளைந்தது, கால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அடுத்து மருந்துக்கடைக்காரர், பிறகு தபால்காரர். கழற்றினால் ஆட்டம் நின்றது. காலர் கொஞ்சம் கோணலே தவிர நல்ல துணி. தூக்கிப்போட யாருக்கும் மனம் வரவில்லை.

உயிரோடிருந்தபோது தள்ளாடி நடந்த அந்தத் தையல்காரரைத் தெருவே குடிகாரர் என்றது. பாவம், ஒரு சொட்டு தொட்டதில்லை. இஸ்திரிச் சூடு மணக்கும் அந்தச் சின்னக் கடையில், ஆடும் கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்தபடி அப்பா முணுமுணுத்துப் பாடிக்கொண்டே தைத்ததை மகள் நினைக்காத நாளில்லை. இதே தலைமையாசிரியர் ஒருமுறை நடுத்தெருவில் அவரை நிறுத்தி, "எங்க, ஊதிக் காட்டுய்யா" என்றார். அப்பா ஊதினார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அண்ணனுக்கும் விரல் ஆடத் தொடங்கியிருந்தது. அவனுக்கும் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே இருந்தாள்.

தலைமையாசிரியரை அவர் மனைவியே வாசலில் நிறுத்தி ஊதிக் காட்டச் சொன்ன அன்று, அவர் நேரே, இப்போது மகள் நடத்தும் தையல்கடைக்கு வந்தார்.

"என்னம்மா இது? சத்தியமா நான் குடிக்கலை."

"எங்கப்பாவும் குடிக்கலை சார். இது மூளை நரம்பு நோய். தொட்டா ஒட்டாது, ரத்தத்துல இறங்கி வருது. அப்பாவோட அம்மாவுக்கு இருந்துச்சு, இப்ப அண்ணனுக்கு. எனக்கும் வரலாம்."

அவர் தலை குனிந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் அதே சட்டையை மாட்டிக்கொண்டு, ஆடிக்கொண்டே, பிள்ளைகளிடம் அந்த நோயைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பார்களா?

அதன் பிறகு எத்தனையோ வருடம் அண்ணன் அந்தத் தெருவில் ஆடி ஆடியே நடந்தான். அவன் வந்தால் கொடியில் காயும் கோணல் காலர் சட்டைகள் காற்றே இல்லாமல் கூடவே ஆடும். பெண்கள் கிளிப் ஒன்று கூடுதலாக மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். டீக்கடைக்காரர் சிந்தாமலிருக்க அவனுக்கு அரை டம்ளர் அரை டம்ளராக ஊற்றுவார். ஊதிக் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் இறந்துபோன அன்று தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை.

வெகுகாலம் கழித்து ஒரு காலையில், ஊசியில் நூல் கோக்கும்போது தங்கையின் விரல் நழுவியது. அவள் யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கினாள். கொடியில் சட்டைகள் ஆடின. டீக்கடைக்காரர் நிமிர்ந்து அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டம்ளரில் பாதி ஊற்றினார்.

"மெதுவா குடிம்மா" என்றார்.