வேரில் கட்டிய நூல்

ரஞ்சிதத்தின் நாற்றுப் பாத்தி பச்சை கட்டிய நாளிலிருந்து எல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கே.ஜி.கண்டிகையில் ஒரே கிணற்றடியில் இரண்டு பாத்திகள். மேல்பாத்தி இளைய மருமகள் ரஞ்சிதத்துடையது. அதை ஒட்டிச் சற்றுப் பள்ளத்தில் இருந்த கீழ்ப்பாத்தி மூத்தவள் எல்லம்மாளுடையது. இரண்டிலும் ஒரே நாளில், ஒரே மூட்டைச் சவுக்கு விதையைத்தான் தூவினார்கள். இப்போது மேலே கரும்பச்சை. கீழே சோகை பிடித்த மஞ்சள்.

அது யுத்த காலம். பட்டணத்தில் நிலக்கரி கிடைக்காமல் சவுக்கு விறகுக்கு ஏகக் கிராக்கி. திருத்தணி ஸ்டேஷனில் விறகு மலைமலையாக ரயிலேறியது. மாமனார் ஆதிகேசவன் தம் மேட்டு நிலம் முழுவதையும் தோப்பாக்கத் தீர்மானித்துவிட்டார். ஐப்பசி மழையில் நடவு.

அந்த வீட்டில் எதை நட்டாலும் முதல் நாற்றைக் கைராசிக்காரிதான் ஊன்ற வேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அந்தக் கை எல்லம்மாளின் கை. பிள்ளையில்லாதவள் என்று ஊர் வாய் திறக்கும் போதெல்லாம் அதை அடைத்ததும் அந்தக் கைராசிதான்.

அன்று ஆதிகேசவன் மேல்பாத்தி ஓரம் நின்று மீசையைத் தடவினார். "இன்னா பச்சை பாத்தியா! இந்த வாட்டி சின்னவ ஊனட்டும்."

"ஆங், சின்னவ கை பட்டா ஏத்தக் கம்பு கூட துளுத்துக்கும் நைனா" என்று சிரித்தான் எல்லம்மாளின் புருஷன் தங்கவேல்.

"அவ கையையே பாத்துகினு இரு. சோத்தையும் அவளாண்டையே கேளு" என்று எல்லம்மாள் குடத்தை இடுப்பில் இடித்து வைத்துக்கொண்டு நடந்தாள்.

அவள் என்ன குறை வைத்தாள்? ஆற்று மணலைச் சுமந்து வந்து, சலித்து, சருகு ஒன்று இல்லாமல் மெத்தை போலப் பாத்தி கட்டினாள். ரஞ்சிதமோ ஆற்றுக்குப் போகச் சோம்பி, பக்கத்திலிருந்த பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணைக் குப்பையோடு வாரிக் கொட்டினாள். சோம்பேறிக்குப் பச்சை, பாடுபட்டவளுக்கு மஞ்சளா?

ஆள் இல்லாத நேரம் பார்த்து மேல்பாத்தியிலிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று நூல்!

ரஞ்சிதம் அம்மையார்குப்பத்துப் பெண். தறிக்காரர்கள் வீட்டில் கூலிக்கு நூல் சுற்றி வளர்ந்தவள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"மந்திரிச்ச நூலுய்யா! வேருக்கு வேரு கட்டி வெச்சிகீறா. என் பாத்தி பச்சையை உறிஞ்சறா!" என்று தங்கவேலிடம் நீட்டினாள்.

"இத்தினி நாத்துக்கும் கட்டணும்னா அவங்க ஊரு தறியெல்லாம் நின்னுபூடுமே! போமே, வேலையைப் பாரு."

அது நூலும் அல்ல, மந்திரமும் அல்ல. சவுக்கு வேரோடு சேர்ந்து குடித்தனம் நடத்தும் ஒருவகைக் காளானின் இழை. வேர் எட்டாத இண்டு இடுக்கிலெல்லாம் அது புகுந்து ஈரத்தையும் சத்தையும் கொண்டுவந்து கொடுக்கும். மரம் தான் சமைத்த இனிப்பில் அதற்குப் பங்கு வைக்கும். ஒரு கொல்லையில் இரண்டு ஓரகத்திகளால் முடியாத காரியம்! ரஞ்சிதம் கொட்டிய தோப்பு மண்ணோடு அந்த இழை ஓசையில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. சலித்த மணலில் அது ஏது?

ஆடிக் கிருத்திகை வந்தது. வீடே பூக்காவடியோடு மலைக்குப் புறப்பட்டது. எல்லம்மாள் மட்டும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். காவடிச் சத்தம் தெரு முனை தாண்டியதும் எழுந்தாள்.

உச்சி வெயிலில் மேல்பாத்தி நாற்றுகளை ஒன்று விடாமல் பிடுங்கினாள். மந்திரக் கட்டு அறுப்பதற்காக அண்டாவில் மஞ்சள் கரைத்து, பாத்திரம் துலக்குவது போல வேர்களைத் தேய்த்துக் கழுவினாள். மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, தன் சலித்த மணலைப் பரப்பி, நாற்றுகளைத் திரும்ப ஊன்றினாள். கழுவிய தண்ணீரும் சுரண்டிய மண்ணும் சரிவில் எங்கே போய்ச் சேர்ந்தன என்று அவள் பார்க்கவில்லை. சரிவில் இருந்தது அவளுடைய பாத்தி.

மலையிலிருந்து திரும்பிய ரஞ்சிதம் நேரே அவளிடம் வந்தாள். "தலைவலி போச்சா அக்கா? உனுக்குன்னு வேண்டிகினு துந்நூறு கொண்டாந்தேன்." நெற்றியில் பூசியும் விட்டாள். அந்த விரல்களின் குளிர்ச்சி கூட எல்லம்மாளுக்கு எரிந்தது.

ஆவணியில் மேல்பாத்தி வாடியது. புரட்டாசியில் பாதி கருகிப் போயிற்று. கீழ்ப்பாத்தியோ மஞ்சள் தெளிந்து, கிடுகிடுவென்று பச்சை கட்டியது. 'அறுந்தது கட்டு' என்று எல்லம்மாள் வயிறார உண்டாள்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள், மேட்டு நிலத்தில் ஆதிகேசவன் குரல் கொடுத்தார். "பெரியவளைக் கூப்பிடு!"

எல்லம்மாள் தலைநிமிர்ந்து வந்தாள். கீழ்ப்பாத்தியிலிருந்து கொண்டுவந்த நாற்றுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். கை அந்தரத்தில் நின்றது. அவளுடைய நாற்றிலும் வேரெல்லாம் அதே வெள்ளை நூல்.

சொம்பும் தண்ணீருமாக ரஞ்சிதம் எதிரே குந்தினாள்.

"நீயாடி கட்டினே?" எல்லம்மாளின் குரல் காற்றாக வந்தது.

"நான் ஏன் கட்டப்போறேன்? அது இன்னா எழவோ, தோப்பு மண்ணுல தானா கீது. நீ தள்ளிவுட்டே, உன் பாத்தியில வந்து புடிச்சிகிச்சி."

எல்லம்மாள் அவசரமாக நாற்றைக் குழியில் இறக்கினாள்.

"கிருத்திகை அன்னிக்கே தெரியும்க்கா. ஒரு நாத்தப் புடுங்கிப் பாத்தேன், வேரெல்லாம் மஞ்சளா இருந்திச்சி."

"மாமாகிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா உன்ன ஊன வுடுவாரா? எனுக்கு நாளிக்கி ஒரு புள்ள பொறந்தா அது ஒரு மருவாதி. உனுக்கு இது ஒண்ணுதானேக்கா." ரஞ்சிதம் சொம்பைச் சாய்த்தாள். "சீக்கிரம் மூடு. நூலு வெளிய தெரியுது. உம் புருஷன் பாத்துகினு கீறாரு."

எல்லம்மாள் இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி வேரை மூடினாள்.

"இதான்யா கைராசி!" என்றார் ஆதிகேசவன்.

ரஞ்சிதம் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மயிரைப் பிடித்திருந்தால் தானும் பிடித்திருக்கலாம். இப்படி இரக்கப்பட்டுவிட்டாளே, இதை எந்த மஞ்சள் தண்ணீரில் கழுவுவது? நல்லவள் என்கிற பெயரிலும் அவளே முந்திக்கொண்டாள். நெஞ்சு முன்னைவிட அதிகமாகக் காந்தியது.

எல்லம்மாள் நாற்றுக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவி, ரஞ்சிதத்தின் மடியில் போட்டாள்.

"இந்தா, நீயும் ஊனு" என்றாள் வெடுக்கென்று. "ரெண்டாவதுதான். நெனப்புல வெச்சிக்கோ."