பத்தொன்பது மைல்

லைலின் சைக்கிள் கடைப் பின்சுவரில், பழைய டயர்கள் தொங்கும் கம்பிக்கு மேலே, ஒரு மரப்பலகை உண்டு. ஒரே நாளில் சைக்கிளில் போன அதிகபட்ச தூரம், போனவர் பெயர், வருடம். அவ்வளவுதான் அதில் இருக்கும். நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவுக்குள் சொந்தக் காலால் மிதித்த தூரமாக இருக்க வேண்டும். சாட்சி யாரும் கேட்பதில்லை. வந்து நின்று எண்ணைச் சொன்னால் லைல் வெள்ளை பெயின்ட் டப்பாவைத் திறப்பான். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்த மூலையில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஊரில், அது போதுமானதாக இருந்தது.

மேல் வரியில் ஒன்பது வருடமாக வெர்லினின் பெயர் இருந்தது. 214 மைல். அதற்குக் கீழே டுவேன், 188.

அந்த 214-இல் பத்தொன்பது மைல் வெர்லின் மிதிக்காதது. அது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று 195-ஆவது மைலில் புயல் பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத சாலை. மின்னல் வயலுக்குள்ளேயே இறங்கியது. பன்றிகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு லாரிக்காரன் வண்டியை நிறுத்தி, ஏறு என்றான். வெர்லின் ஏறினான். சைக்கிள் பின்னால், ஈரமான வைக்கோலில் கிடந்தது. இருநூறு அடிக்கவில்லை, பரவாயில்லை, உயிரோடு இருக்கிறோம் என்றுதான் அவன் அப்போது நினைத்தான். கைப்பிடியில் மாட்டியிருந்த மீட்டரை அணைக்க மறந்துவிட்டான். சக்கரம் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் நகர்ந்த தூரத்தை எண்ணுகிற ஜாதி மீட்டர் அது. லாரியின் பின்னால் படுத்தபடி அது எண்ணிக்கொண்டே வந்தது.

லாரிக்காரன் ஊர் எல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டான். மழை விட்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி, லைல் கடை வாசலில் எல்லோரும் மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். சொட்டச் சொட்ட வந்து நின்றவனின் கைப்பிடியைக் குனிந்து பார்த்த லைல் எண்ணை உரக்கப் படித்தான். கைதட்டினார்கள். டுவேன்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்தான். வெர்லின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

அது பொய் இல்லை என்று பல நாள் தனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறான். சோர்வு, குளிர், யாரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய், இருபது நிமிடத்தில் பத்தொன்பது மைல் கடந்ததாகக் காட்டிய அந்தப் பதிவை அழித்தானே, அதற்கு அவனிடம் பெயர் இல்லை.

டுவேனுக்கு இப்போது அறுபத்தொரு வயது. போன ஜனவரியில் பனி தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வசந்தத்தில் மறுபடி சைக்கிள் எடுத்தான். மிதமாக ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னாராம். "வேகம்தான் மிதமா இருக்கணும்னார். தூரத்தப் பத்தி அந்த ஆள் வாயே திறக்கல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஜூனில், பகல் நீண்டிருக்கும் சனிக்கிழமையில், 215 அடிக்கப்போவதாக அறிவித்தான். வெர்லின் போன அதே பாதை. கடை வாசலுக்கு வரும்போது 214 இருக்கும். அங்கேயே வட்டமடித்து ஒரு மைல் சேர்த்துக்கொள்வது. கடைசி எண்ணுக்காக வாகன நிறுத்தத்தில் கிறுக்கன்போலச் சுற்றுவது இந்தக் கூட்டத்தில் எல்லோரும் செய்வதுதான்.

டுவேனின் மனைவி மர்னா, வெர்லினோடு பள்ளியில் படித்தவள். அவள் வெர்லினைக் கடைத்தெருவில் பிடித்து நிறுத்தி, கூடப் போ, ஏதாவது என்றால் எனக்குப் போன் பண்ணு என்றாள். போகிறேன் என்றான். அவள் கேட்காவிட்டாலும் போயிருப்பான். அன்றைக்கு டுவேனோடு கடைசிவரை மிதித்துவிட்டால் அவனும் 214-ஐத் தாண்டியிருப்பான். ஒன்பது வருடம் தாமதமாக, ஆனால் சொந்தக் காலால். பலகையில் இருப்பது அதற்குப் பிறகு பொய்யாக இருக்காது. இந்த எண்ணம் எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியாது. காலை நான்கு மணிக்கு விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அது அவனுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

முதல் நூறு மைல் நன்றாகவே போனது. பெட்ரோல் பங்கில் முட்டை போட்ட பீட்சா தின்றார்கள். சோளம் முழங்கால் உயரம் வந்திருந்தது. பன்றிக் கொட்டகைகளைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். டுவேன் பேசிக்கொண்டே வந்தான். பிற்பகலில் காற்று திரும்பியது. தெற்கிலிருந்து, சூடாக, முகத்துக்கு நேராக. வெர்லின் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டான். டுவேன் அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு வந்தான். நூற்று ஐம்பதுக்கு மேல் பின்னாலிருந்து பேச்சு வரவில்லை. வெர்லினுக்கும் மௌனம் புதிதல்ல. ஆனால் இந்த மௌனத்தில் மூச்சு மட்டும் கேட்டது, சரியில்லாத மூச்சு.

நூற்று எண்பத்தாறில் ஒரு பங்க். டுவேன் நிறுத்தும்போது பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணியை விடுவிக்க மறந்து, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். முழங்கை கிழிந்தது. எழுந்து உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தான். உதடு வெளிறியிருந்தது. தசைப்பிடிப்புக்கு வைத்திருந்த வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய் அதை அப்படியே வாந்தி எடுத்தான்.

"மர்னாவுக்குப் போன் பண்றேன்" என்றான் வெர்லின்.

"பண்ணிப் பாரு. உன் டயர் ரெண்டையும் குத்திட்டுப் போயிடுவேன்."

"டுவேன், உன் கை நடுங்குது."

"இருபத்தொம்பது மைல்டா. ஆஸ்பத்திரில கூரையப் பாத்துட்டுப் படுத்திருந்தேனே, அப்ப பொண்டாட்டி நெனப்பு வரல, புள்ளைங்க நெனப்பு வரல. வெட்கமாதான் இருக்கு. அந்தப் பலகதான் வந்துச்சு. இன்னிக்கு விட்டா இனிமே இல்ல. அது உனக்கும் தெரியும்." வாயைத் துடைத்துக்கொண்டான். "வா. அந்தப் பாலத்துக்கிட்ட மான் நிக்குதான்னு பாக்கணும்."

மான். ஜனவரியில் ஏழு நாள் வெர்லின் தினமும் மருத்துவமனைக்குப் போனான். டுவேன் கேட்டதெல்லாம் அந்த நாளைப் பற்றித்தான். கடைசி இருபது மைல் எப்படி இருந்தது, கால் எப்படி இருந்தது, எதை நினைத்துக்கொண்டு மிதித்தாய். வெர்லின் சொன்னான். நோயாளி கேட்கிறான், என்ன செய்வது. பாலத்தருகே மழையில் ஒரு மான் நின்று பார்த்ததாகச் சொன்னான். டுவேன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

மறுபடி ஏறினார்கள். மணிக்குப் பத்து மைல் வேகம்கூட வரவில்லை. வெர்லின் தன் மீட்டரைப் பார்த்தபடி மிதித்தான். 188. டுவேன் தன் பழைய தூரத்தைத் தாண்டிவிட்டான், அது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. 190. பின்னால் ஒருமுறை சங்கிலி இழுபட்டது, இருமல் கேட்டது. 192. இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் இப்போது சொன்னால் டுவேன் இன்னும் 195-ஐத் தாண்டியிருக்கமாட்டான். இன்னும் நான்கு மைல் பொறுத்தால், உண்மையான கணக்கில் அவன் ஜெயித்துவிடுவான். அவனுக்காகத்தான் பொறுக்கிறேன் என்று வெர்லின் நினைத்தான். நினைத்தபோதே அதில் பாதிதான் நிஜம் என்று தெரிந்தது. சொல்லாமல் அதற்கு மேலும் பத்தொன்பது மைல் போனால் தனக்கும் எல்லாம் நேராகிவிடும். டுவேன் அதுவரை தாங்கினால். தாங்கக்கூடும். தாங்கிய ஆட்கள் உண்டு. இப்படி யோசிக்கிற தன்னைத் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

194. சாலையில் அவர்கள் நிழல் நீளமாக விழுந்து வயலுக்குள் போயிற்று.

196 ஆனதும் வெர்லின் ஓரமாக நிறுத்தினான். டுவேன் இந்தமுறை காலணியைப் பெடலிலிருந்து விடுவித்துக்கொண்டான், ஆனால் சைக்கிளின் மேலேயே கவிழ்ந்துகொண்டான்.

"என்ன, பஞ்சரா?"

"இல்ல. நீ ஜெயிச்சுட்ட. ஒரு மைலுக்கு முன்னாடியே."

"வெயில் உன் மண்டைலயும் ஏறிடுச்சா?"

"நான் அன்னிக்கு இருநூத்திப் பதினாலு வரல. நூத்தித் தொண்ணூத்தஞ்சுதான். புயல் வந்ததும் இங்கதான், இப்பத் தாண்டினோமே ஒரு மைல் பின்னாடி, ஒரு லாரில ஏறிட்டேன். மீட்டர அணைக்கல. லைல் படிச்சான். நான் வாயத் திறக்கல."

டுவேன் நிமிரவில்லை. காற்று சோளத்தை வாரிக்கொண்டு போனது. ஒரு டிராக்டர் தூரத்தில் திரும்பி, மறுபடி அவ்வளவு தூரம் போய், மறுபடி திரும்பியது.

"யாரு லாரி?"

"தெரியாது. பன்னி ஏத்துறவன்."

"பன்னியோடயா வந்த?"

"காலி வண்டி."

"ஓ. காலி வண்டி." டுவேன் மெல்லப் புல்லில் உட்கார்ந்தான். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். "ஒம்பது வருஷம். நான் ஒரு லாரியோட போட்டி போட்டிருக்கேன்."

வெர்லினால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தான். சைக்கிளைத் திருடியவன் காற்றடித்துக் கொடுப்பதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டான்.

"பலக போகட்டும்" என்றான் டுவேன் கடைசியில். "லைல் படிச்சான், நீ சும்மா இருந்துட்ட. நானா இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்த பாரு. ஏழு நாள். நான் கேட்டேன், நீ சொன்ன. கால் மரத்துப் போச்சு, பல்லக் கடிச்சுட்டு மிதிச்சேன்னு சொன்ன. அத நெனச்சுத்தான் நான் எந்திரிச்சு நடந்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "மானாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. லாரி ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

டுவேன் போனை எடுத்து, மர்னா, வந்து கூட்டிட்டுப் போ என்று மட்டும் சொன்னான். அவள் ஏற்கெனவே பாதி வழியில் இருந்திருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் கார் வந்தது. அவள் இறங்கிக் கணவனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். என்ன நடந்தது என்று வெர்லினிடம் கண்ணால் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காரின் பின்னால் இரண்டு சைக்கிள் மாட்ட இடம் இருந்தது. டுவேன் தன் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு போனான். தூக்குவதற்கு முன் கைப்பிடிப் பக்கம் குனிந்து, மீட்டரின் பொத்தானை அழுத்தினான். அது அணைந்துவிட்டதா என்று பார்த்தான். பிறகு வெர்லினைப் பார்த்தான். பிறகுதான் தூக்கினான். மர்னா உதவ வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தான்.

"வெர்லின், நீயும் ஏறு" என்றாள் அவள்.

"நான் மிதிச்சே வந்துடறேன்."

டுவேன் ஜன்னலை இறக்கி, பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டான்.

"லைல்கிட்ட நான் சொல்லமாட்டேன்" என்றான் டுவேன். "அது உன் வேல."

கார் போனபின் வெர்லின் தன் மீட்டரைப் பார்த்தான். 196. இன்னும் பத்தொன்பது மைல் ஓடவிட்டால் காலையில் கிளம்பும்போது நினைத்தது நடந்துவிடும். அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்காற்றில் ஏறி மிதித்தான். தொடை இரண்டும் கட்டைபோல் இருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் இருபது நிமிடத்தில் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போன சாலை இப்போது இரண்டு மணி நேரத்துக்கு நீண்டது. இவ்வளவு ஏற்றம் இருப்பதே அவனுக்கு இன்றுதான் தெரிந்தது. பாலத்தைக் கடந்தபோது நன்றாக இருட்டவில்லை. அவன் பக்கவாட்டில் பார்க்கவில்லை.

லைல் கடை வாசலில் விளக்கு எரிந்தது. ஏழெட்டு மடக்கு நாற்காலிகள், சாஸேஜ் சுட்ட புகை. டுவேனின் கார் இல்லை. அவன் வீட்டில் படுத்திருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், மர்னா போன் பண்ணினாள் என்று யாரோ சொன்னார்கள். உட்காருப்பா என்று ஒருவன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான். வெர்லின் உட்காரவில்லை. லைல் வழக்கம்போல் கைப்பிடிக்குக் குனிந்து, அங்கே மீட்டர் இல்லாததைக் கண்டு நிமிர்ந்தான்.

"டுவேன் நூத்தித் தொண்ணூத்தாறு" என்றான் வெர்லின். "மேல எழுது."

"மேலயா?" லைல் கையில் பெயின்ட் டப்பா இருந்தது. "மேல நீ இருக்கியேப்பா."

ஒருவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். விட்டில்கள் விளக்கில் மோதும் சத்தம் கேட்டது. வெர்லின் வாயைத் திறந்தான். நாக்கு வறண்டிருந்தது. டுவேன் கொடுத்த பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அதுல பத்தொன்பது மைல் நான் லாரில வந்தது" என்றான்.

லைல் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய், பழைய பெயின்டை அழிக்கத் தின்னரும் துணியும் தேடத் தொடங்கினான்.