திருப்பத்தில் எரியும் விளக்கு

பொன்னுதுரையின் வேனில் சிவப்பு விளக்கு எரிகிற செய்தி அவருக்குத் தெரியும் முன்பே தெருவுக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னால், அது கொஞ்சம் மிகைதான். அவருக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தது. அதைக் காதும் காதும் வைத்தாற்போல வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வண்டி ஓட்டுகிறார். பக்கத்தில் பேச்சிச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அது ரகசியமா?

பேச்சிச்செல்வி அடுத்த வீட்டுக்காரி. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இறக்கிவிடச் சொல்லி ஏறியிருந்தாள்.

"அண்ணாச்சி, துண்டுக்கு அடியில செவப்பா என்னமோ மினுங்குது."

"அது வெயிலு."

"வெயிலு விட்டு விட்டா அடிக்கும்?"

பொன்னுதுரை துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் தயாராகிவிட்டது. பேட்டரி என்றார் ஒருவர். உப்புக் காற்றில் வயர் களிம்பு பிடித்திருக்கும் என்றார் இன்னொருவர். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டவர்களும் உண்டு.

வேனுக்குக் கிட்டத்தட்ட அவர் மகள் வேல்விழியின் வயது. மகள் பிறந்து கொஞ்ச காலத்தில் வாங்கிய டீசல் வண்டி. வாரநாளில் சோப்பு, தீப்பெட்டி, மசாலா பாக்கெட் என்று பழையகாயல், ஆத்தூர்ப் பக்கம் கடை கடையாகச் சரக்குப் போடும். ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூருக்கு ஆள் ஏற்றும். உப்பளத்துக் காற்றில் அதன் வயதொத்த வண்டிகளெல்லாம் அடித்தகடு உதிர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இதற்கு மட்டும் ஒரு பொட்டுத் துரு கிடையாது. காரணம், மாதம் ஒருமுறை பொன்னுதுரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலில் டீசலைக் கலந்து, பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் பூசிவிடுவார். தலைமுடி முதல் லுங்கி நுனி வரை அந்த வாசம் இரண்டு நாளைக்குப் போகாது.

"கட்டுன பொண்டாட்டி தலையில ஒரு நா எண்ணெ வச்சுவிட்டது கெடையாது. இதுக்கு மாசாமாசம் எண்ணெக் குளி" என்று இசக்கிசெல்வி சொல்லாத மாதமும் கிடையாது.

சாதாரண நாளாக இருந்தால் அந்த விளக்கு எரிந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டிருப்பார். ஆனால் வேல்விழிக்கு ஒன்பதாம் மாதம். உடன்குடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. பிரசவத்துக்கு அழைத்துவர வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று குறித்திருந்தார்கள். சம்பந்தி செந்தூர்பாண்டிக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம், வாசலில் வெள்ளைக் கார். "காரிலேயே கொண்டாந்து விட்டுருதோம் சம்பந்தி, மாசமா இருக்கிற புள்ள" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இதே செந்தூர்பாண்டி கல்யாணத்தன்று பெண் வீட்டு வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஆள் ஏத்துற வண்டியா, ஆடு ஏத்துற வண்டியா?" என்று கேட்டுப் பந்தியையே சிரிக்க வைத்தவர். பொன்னுதுரை அதை மறப்பாரா?

"எம் மவள எம் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்" என்று போனில் சொன்னார். அதைத் தெருவில் நின்று சத்தமாகச் சொன்னதுதான் வினை. இனி வாக்கு அவருடையது மட்டுமில்லை, தெருவுடையதும்.

முதலில் எலக்ட்ரீஷியன் மாரிராஜிடம் போனார். மாரிராஜ் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, இது ரெண்டு வேலைக்கும் ஒரே லைட்டு. ஹேண்ட் பிரேக் போட்டாலும் எரியும், பிரேக் ஆயில் கொறஞ்சாலும் எரியும். ஒங்களுக்கு ஹேண்ட் பிரேக் சுவிட்சு மக்கர் பண்ணுது. உப்புக் காத்து."

சுவிட்சைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். விளக்கு அணைந்தது. பொன்னுதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! தேர் நிலைக்கு வந்த மாதிரி வந்தார். மறுநாள் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது முக்காணித் திருப்பத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அணைந்துகொண்டது.

அன்று சாயங்காலம் தெரு முனையிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியை அவர் வண்டியோடு சுற்றத் தொடங்கினார். இடப்பக்கம் வளைந்தால் எரிந்தது, வலப்பக்கம் வளைந்தால் எரியவில்லை. உறுதி செய்துகொள்ள மறுபடி இடப்பக்கம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, நவக்கிரகம் சுத்துதீயளா?" என்று பேச்சிச்செல்வி வாசலிலிருந்து கேட்டாள்.

"ஒனக்கு வேற சோலி இல்லையா?"

"இருக்கு. இத விட்டுட்டு எப்படிப் போவ?"

சிரித்தார்கள். பொன்னுதுரை சிரிக்கவில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சிச்செல்வியையும் அவள் மகனையும் நாத்தனார் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போய் வந்தது அவர் நினைவுக்கு வந்தது. எத்தனை திருப்பம்! அப்போதும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, துண்டுக்கு அடியில்.

வியாழக்கிழமை மறுபடி மாரிராஜிடம் போனார். கடையில் மூன்று ஆட்டோ வரிசையில் நின்றன. மாரிராஜுக்குப் பொறுமை இல்லை.

"அண்ணாச்சி, வண்டி நிக்கிதா?"

"நிக்கி."

"பிரேக் போட்டா புடிக்கிதா?"

"புடிக்கிது. கொஞ்சம் கீழ போயிப் புடிக்கிற மாதிரி இருக்கு. அது வயசுக்கு."

"பொறவு என்ன? வயரக் கழட்டி விட்டுருதேன். மவளக் கூட்டிட்டு வாங்க, நிதானமாப் பாப்போம்."

பொன்னுதுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எதிர்க்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாரிராஜ் கழற்றினான்.

வீட்டில் இசக்கிசெல்வி கேட்டாள்: "லைட்டு?"

"நின்னுட்டு."

அவளும் நிம்மதியாகி மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பழமும் பூவும் வாங்கித் தட்டில் அடுக்கினாள். மகள் சாய்ந்து வருவதற்கு வேனின் நடு இருக்கையில் தலையணை இரண்டு வைத்தாள். அவள் தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பசியில்லை என்று சொல்லி இட்லியைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் டீசல் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லித் தனியாகக் கிளம்பினார். இடப்பக்கம் திரும்பினார். விளக்கு எரியவில்லை. எரியாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், முன்னால் போன உப்பு லாரியின் பின்பக்கம் கிட்டத்தில் வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. ஆனால் மிதி எப்போதும் நிற்கிற இடத்தைத் தாண்டி இன்னும் கீழே போய்த்தான் நின்றது. உப்பு லாரி போய்விட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பொன்னுதுரை வீட்டுப் பக்கம் திரும்பாமல், கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் ஜாக்சனின் பட்டறைக்கு விட்டார். சும்மா ஒரு வார்த்தை கேட்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜாக்சன் பிரேக் வேலை மட்டும் பார்ப்பவன். வாய் கொஞ்சம் நீளம். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"மாதாவே! அடியில கெடக்கு அண்ணாச்சி. நேராப் போனா மிதவை மேல நிக்கும். வளைச்சா எண்ணெ ஒரு பக்கமாச் சாயும், மிதவை எறங்கும், லைட்டு எரியும். பாவம், அது சரியாத்தான் சொல்லியிருக்கு. இந்த வயர யாரு கழட்டினது?"

"மாரிராஜ்."

"நீங்க பக்கத்துல நின்னியளா?"

பொன்னுதுரை மேலே பறந்த காக்கையைப் பார்த்தார்.

"அப்ப எண்ணெய ஊத்திவிட்டா சரியாயிருமா?" என்று கேட்டார்.

"ஊத்தலாம். குடிச்சது யாருன்னு தெரிய வேண்டாமா?"

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் பேடு தேய்ந்திருந்தால் எண்ணெய் மட்டம் இறங்கும்; பேடு தடியாகத்தான் இருந்தது. அப்படியானால் எங்கோ ஒழுகுகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனவன், போன வேகத்தில் வெளியே வந்தான்.

"என்ன அண்ணாச்சி இது, உள்ள எங்க பாத்தாலும் எண்ணெ! இதுல ஒழுகுற எண்ணெ எது, ஒழுகாத எண்ணெ எது?"

"துருவுக்கு அடிக்கிறது. மாசாமாசம் நான்தான்..." பொன்னுதுரையின் குரலில் பழக்கத்தில் கொஞ்சம் பெருமையும் வந்துவிட்டது.

ஜாக்சன் சோப்புத் தண்ணீரைப் போட்டுக் கழுவினான். பழைய துணியால் துடைத்தான். பொன்னுதுரையை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னான்.

"வந்து பாருங்க."

முன் சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் நடுவில் உப்பிப் போயிருந்தது. அதில் தெளிந்த ஒரு சொட்டு நின்றது. ஜாக்சன் நகத்தால் அழுத்தினான். அவித்த பனங்கிழங்கு மாதிரி நகம் உள்ளே போனது.

"கறுப்பு ஆயிலும் டீசலும் இரும்புக்குச் சரி அண்ணாச்சி. ரப்பர ஊற வச்சு உப்ப வச்சிரும். துரு வராமப் பாத்தீய. நீங்க பூசினதே பிரேக்கத் தின்னுட்டு."

"நானா?"

"பின்ன, கடல்ல இருந்து சொறாவா வந்து கடிச்சிச்சி?"

தன் கையால், தவறாமல், பிரஷ்ஷை மூலைமுடுக்கெல்லாம் விட்டுப் பூசியது பொன்னுதுரைக்குக் கண்முன் வந்தது. அந்த ஹோஸில் கொஞ்சம் கூடவே பூசியிருப்பார். வெயிலில் வெடித்துவிடக் கூடாதே என்று.

"இன்னைக்கு ஓடுமா? மெதுவாப் போனா? உடன்குடி வரைக்கும்தான்."

ஜாக்சன் துணியில் கையைத் துடைத்தான். "ஓடும். எங்கன வெடிக்கும்னு எனக்குத் தெரியாது. நாலு ஹோஸும் மாத்தணும், இந்த மாடலுக்கு மதுரையில இருந்துதான் வரணும். நாளைக்கு ஆவும். வண்டி இங்கன நிக்கட்டும். சாவிய நான் தர மாட்டேன், கோவிச்சிக்கிடாதீய."

பொன்னுதுரை பட்டறை வாசலில் நின்று போனை எடுத்தார். வேல்விழிதான் பேசினாள்.

"அப்பா, கெளம்பியாச்சா?"

"இல்லம்மா. பிரேக்குல ஒரு ஹோஸு போயிட்டு. வண்டி வராது."

"அந்தச் செவப்பு லைட்டா? பேச்சி அத்தை போன வாரமே சொல்லிச்சே." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மா நேத்து லைட்டு நின்னுட்டுன்னு சொன்னாளே. எப்படிப்பா நின்னுச்சு?"

பேட்டரி என்று சொல்லலாம். சுவிட்ச் என்று சொல்லலாம். வாய் வரை வந்தது.

"வயரக் கழட்டிட்டியளாப்பா?"

"ஆமாம்மா."

"என்னைய ஏத்துறதுக்கா?"

பொன்னுதுரை, ஜாக்சன் உருட்டிக்கொண்டு போகும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.  "மாமாட்ட குடுக்கேன்" என்றாள்.

செந்தூர்பாண்டி ஒரு குத்தல் கூடச் சொல்லவில்லை. "பஸ்ஸப் புடிச்சு ரெண்டு பேரும் வந்துருங்க சம்பந்தி. திரும்புறதுக்கு நம்ம கார் எதுக்கு நிக்கி?" என்றார். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொன்னுதுரைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது.  பேச்சிச்செல்விக்கு ஜாக்சன் பட்டறையிலிருந்து அதற்குள் செய்தி வந்துவிட்டது. தன் மகனைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இசக்கிசெல்வி வழியெல்லாம் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்து தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

உடன்குடியிலிருந்து திரும்பும்போது காரைச் செந்தூர்பாண்டியே ஓட்டினார். பெரிய மனுஷன் என்று பொன்னுதுரையை முன்னால் உட்கார வைத்தார். பின்னால் தாயும் மகளும். ஆறுமுகநேரி தாண்டி முக்காணித் திருப்பம் வந்தது. கார் இடப்பக்கம் வளைந்தபோது பொன்னுதுரையின் வலது கால் தானாகவே முன்னால் போய்த் தரைவிரிப்பை அழுத்தியது.

செந்தூர்பாண்டி பார்த்துவிட்டார். "சம்பந்தி, அங்கன பிரேக்கு இல்ல. இங்கனதான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

பொன்னுதுரையும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். காலை எடுக்கவில்லை.

"மெதுவாப் போங்க" என்றது பின்னாலிருந்து வேல்விழியின் குரல். எந்த வண்டியில் ஏறினாலும் அவள் சின்ன வயதிலிருந்து சொல்லும் வார்த்தை அது. அதற்கு "சரி தாயி" என்று பதில் சொல்வது எப்போதும் பொன்னுதுரையின் வேலை. அவர் வாயைத் திறந்தார்.

"மெதுவாப் போங்க மாமா" என்று அவள் முடித்தாள்.

"சரி தாயி" என்றார் செந்தூர்பாண்டி.

மகள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. கண்ணாடி ஓட்டுகிறவர் பக்கம் திரும்பியிருந்தது. தலையைத் திருப்பிப் பார்க்கப் பொன்னுதுரைக்குத் தைரியம் வரவில்லை.